பெட்டியில் சாய்ந்த கிளை

தேனீ என்றதும் உங்களுக்குத் தேன்தானே ஞாபகம் வருகிறது? நான் சொல்லப்போகிற தேனீயிடம் தேன் கிடையாது. கூட்டமும் ராணியும் கிடையாது. உடம்பில் மயிர் அவ்வளவாக இல்லாததால் மகரந்தத்தைக் காலில் ஒட்டிக்கொண்டு வராது. விழுங்கிக் கொண்டுவந்து கூட்டில் கக்கும். பார்த்தால் எறும்புக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும். தாய் தனியாக ஒரு பொந்தைப் பிடித்து, தன் உடம்பில் சுரப்பதை நாக்கால் சுவரெல்லாம் பூசும். அது காய்ந்தால் கண்ணாடித்தாள் போல ஆகிவிடும். உள்ளே முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். பிள்ளையின் முகத்தை அது பார்ப்பதில்லை.

முகம்தான் இங்கே முக்கியம். பெண் தேனீக்கள் முழுக்கக் கறுப்பு. இந்த வகையா அந்த வகையா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆணின் முகத்தில் மஞ்சளாக ஒரு முகமூடி இருக்கும். அதன் வடிவம் வகைக்கு வகை மாறும்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கப்பலில் எஞ்சின் அறை வேலைக்கு வந்தவன், ஹவாயில் மொலொகாய் தீவில் இறங்கினேன், தங்கிவிட்டேன். பேச ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருடம் தேடியபின், மேற்குக் கரையில் முன்பு இருந்த ஒரு வகை அழிந்துவிட்டது என்று கட்டுரை எழுதினேன். அச்சில் வந்தது. ஹொனலூலுவில் இருக்கும் ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். என் பெயரை நாலு பேர் சொன்னது அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

கபூவா அந்தக் கரையில் பிறந்தவள். பவளக்கற்களின் மேல் டிரக் ஓட்டுகிறார்கள், வேலி போடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அங்கே அரிய உயிர் ஏதாவது இருந்தால்தான் வேலி என்று பதில் வந்தது. உடனே கம்பங்களை நட்டு, இந்தத் தேனீ வந்து கூடு வைக்கட்டும் என்று துளையிட்ட மரப்பெட்டிகளைக் கம்பியில் தொங்கவிட்டாள். கம்பியில் பிசின் தடவினாள். எறும்பு கூட்டுக்குள் போனால் ஒரு புழு மிஞ்சாது. பிசின் எறும்பைத் தடுக்கும். ஆனால் ஒரு இலை பெட்டியைத் தொட்டாலும் அது பாலம்தான். அதனால் தினமும் சுற்றியுள்ள நௌபாகா புதரை வெட்டிவிடுவாள்.

அன்று சாயங்காலம் அவள் கூப்பிட்டதால் போனேன். அவள் அத்தை மகன் கலேயோ டிரக்கில் சாய்ந்து நின்றிருந்தான்.

"ஈக்கு வேலி கேக்குறா அங்கிள். நாளைக்குக் கொசுவுக்கு வீடு கேப்பா."

"நீ வண்டிய எடுத்துட்டுக் கெளம்பு. உன் மூஞ்சியப் பாத்தா வர்ற தேனீயும் வராது" என்றாள் கபூவா. என் பக்கம் திரும்பினாள். "ஒரு பெட்டில ஏதோ கறுத்துக்கிட்டு வருது அங்கிள். போன்ல எடுத்தா வெறும் புள்ளியாத்தான் விழுது. நாளைக் காலைல வேலி விஷயமா அரசாங்கத்துலேருந்து அந்த நகாசோனே அம்மா வர்றாங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து உருப்பெருக்கியை வைத்தேன். கண்ணாடித்தாள் மாதிரியான அந்தச் சுவருக்குப் பின்னால் கூட்டுப்புழுக்கள் வரிசையாகப் படுத்திருந்தன. முன்னால் இருந்தது ஆண். உடம்பு கறுத்திருந்தது. முகம் மட்டும் மஞ்சள். இரண்டு கன்னத்திலும் கண்ணோரமாக ஒரு வெட்டு.

அழிந்த வகையின் அடையாளம் என்று அந்த வெட்டை என் கட்டுரையில் நானே வரைந்திருக்கிறேன்.

"என்ன அங்கிள்? மூஞ்சி கழுவாம தூங்குறானா?"

"இன்னும் தெளிவா தெரியல. சாதாரண வகையாத்தான் இருக்கும். நாளைக்கு அவங்க முன்னாடியே பாத்துக்கலாம்."

"வாய் வார்த்தைக்காவது நல்லதாச் சொல்லுங்களேன். சரி, நாளைக்கு முசுபி சோத்து உருண்டை கொண்டு வர்றேன். வெறும் வயித்தோட வந்துடாதீங்க. இல்ல, வெறும் வயித்தோடயே வாங்க."

சிரித்துக்கொண்டே போனாள். கலேயோவும் போனான்.

நான் எந்தத் தேனீயையும் தொடவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பிசினைத் துடைக்கவில்லை. புதரில் அவள் வெட்டாமல் விட்டிருந்த நீளமான கிளை ஒன்று இருந்தது. அதை வளைத்துப் பெட்டியின் மேல் சாய்த்தேன். காற்றடித்தாலும் அது அப்படிச் சாய்ந்திருக்கும். கிளை நழுவியது. இன்னொரு தடவை சாய்த்து, அதன் நுனியைக் கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகினேன். முதல் எறும்பு ஏறுகிறதா என்று நின்று பார்த்தேன். ஏறியது.

வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன். நினைத்திருந்தால் திரும்பிப் போயிருக்கலாம். நடக்கிற தூரம்தான். செருப்பைக்கூட மாட்டினேன். பிறகு கழற்றி வைத்துவிட்டு, என் கட்டுரையை எடுத்துப் படித்தேன். வாக்கியங்கள் நன்றாகத்தான் இருந்தன. எல்லாம் சரியாக இருந்தது. அவள் கண்டுபிடித்திருக்கக் கூடாது என்பதைத் தவிர எனக்கு யார் மேலும் வருத்தம் இல்லை.

மறுநாள் காலை நகாசோனே வந்தார். கபூவா மூடியைத் திறந்தாள். அறைகள் கிழிந்து கிடந்தன. உள்ளே எறும்புகள் மட்டும் இருந்தன. அவள் கிளையைப் பார்த்தாள்.

"நான்தான். நேத்து இந்தப் பக்கம் சரியா வெட்டல. என் தப்பு அங்கிள்."

"விடும்மா. யாருக்கும் நடக்கறதுதான்" என்றேன்.

நகாசோனே என்னைப் பார்த்தார். "நேத்து நீங்க பாத்தீங்களாமே. சாதாரண வகைதானா?"

"ஆமாம்."

"அப்போ நீங்க எழுதினதுல மாத்த ஒண்ணும் இல்ல."

"இல்லை" என்றேன்.

அவர் காரில் ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் கலேயோவின் டிரக் கற்களின் மேல் ஏறி வந்தது. கபூவா அவனைத் திட்டவில்லை. பையிலிருந்து முசுபியை எடுத்து என் கையில் வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது. சாப்பிட்டேன்.