மகள் பிறந்தபோது வந்த பாட்டில்

நல்ல சிவப்பு ஒயினைத் திறந்த கையோடு ஊற்றக் கூடாது, ஐயா. கொஞ்ச நேரம் காற்றாட விட வேண்டும். என் அண்ணன் சொல்லித் தந்தது. எங்கள் மகள் பிறந்தபோது அவன் கொடுத்த பாட்டில் அது. அவள் கல்யாணமாகி மாப்பிள்ளையோடு முதல் விருந்துக்கு வரும்போது திறக்கச் சொன்னான். மாடிப்படிக்கு அடியில் பழைய போர்வைக்குள் படுக்க வைத்திருந்தேன். என் கணவர் மொடாக்குடியராக இருந்த காலத்திலும் அவர் கண்ணில் படாமல் காத்தேன்.

அப்போதெல்லாம் அவருக்கு நான்தான் எல்லாம். சட்டையைக் கழற்றிவிடுவேன், வாந்தியைத் துடைப்பேன், அவர் வேலை பார்த்த அச்சகத்துக்குப் போன் செய்து காய்ச்சல் என்பேன். பிறகு ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி குடித்தால் ஆள் தங்க மாட்டார் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். இவர் குடியை அன்றோடு விட்டார். தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட ஆரம்பித்தார். மகள் அவரிடம் சிரித்துப் பேசினாள்.

விருந்துக்கு முந்தின நாள், தனியாக ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னார். சண்டையெல்லாம் இல்லை. "குடிச்சிட்டிருந்தப்ப உன் முகத்தை நான் சரியாப் பார்த்ததே இல்ல. இப்பப் பார்க்கிறேன். பயமா இருக்கு," என்றார். நான் காலில் விழுந்தேன். தூக்கி உட்கார வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனார்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில், நான் அந்தப் பாட்டிலை ஊற்ற வந்தபோது, அவர் தன் தம்ளரைக் கையால் மூடினார். விரல்களை நானே மெதுவாக விலக்கினேன். வேண்டாம் என்று மகள் என் முந்தானையைப் பிடித்தாள். மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணுக்காக ஒரு வாய். இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்ட நானே சொல்றேன்ல," என்றேன்.

அவர் பார்த்த பார்வை கெஞ்சுவதுபோல் இருந்தது. பிறகு குடித்தார். காலையில் மீதியைக் கேட்டார். கொடுத்தேன். அதற்குப் பிறகு வந்த பாட்டில்களை நான்தான் கடையில் வாங்கினேன். கடைசிவரை குறை வைக்கவில்லை. டாக்டர் சொன்னது மறக்கவில்லை, ஐயா. தெரிந்தேதான் செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவருக்கு என்மேல் பிரியமில்லை என்று மகள் சொல்லியிருந்தால், அதை மட்டும் நம்பாதீர்கள். சாகிறவரை அவர் வேறு யாரையும் தேடவில்லை. பாட்டில் காலியாகும்போதெல்லாம் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.