ஓரத்தையல்

தைப்பதற்கு இலையுதிர் காலத்தைப் போல வசதியான பருவம் கிடையாது, மேடம். வெயில் காலத்தில் ஊசி விரலில் வழுக்கும். குளிர் காலத்தில் விரலே மரத்துப்போகும். மரங்கள் மஞ்சளாகும் அந்த மூன்று மாதம்தான் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, மடியில் துணியை விரித்து, நிம்மதியாக உட்கார முடியும். இந்த வருடம் நான் நன்றாகவே உட்கார்ந்தேன். அதனால்தான் இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அறுபத்தொரு வயது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவும் செய்துகொள்ளவில்லை. அவள் என்னைவிட ஏழு வயது மூத்தவள். பழைய துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தைக்கும் கடை வைத்திருந்தாள். அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். வளர்த்தாள் என்பதைவிட, பிரித்துத் தைத்தாள் என்பது பொருந்தும். நான் எதைத் தைத்தாலும் வாங்கிப் பார்ப்பாள், கத்தரிக்கோல் நுனியால் தையலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் துணியை என் மடியில் போடுவாள். ஐம்பது வருடத்தில் என் கைவேலை ஒன்றுகூட அவளிடமிருந்து உயிரோடு திரும்பியதில்லை.

இலை உதிரத் தொடங்கிய வாரத்தில் அக்காவுக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இதயம் பலூன் மாதிரித் தளர்ந்துவிட்டது என்றார் டாக்டர். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். எங்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் என்று யாரும் இல்லை. வீட்டுக்கு வந்து அக்காவின் அலமாரியைத் திறந்தேன்.

சிலர் அந்த மாதிரி நேரத்தில் அழுவார்கள். நான் ஒழுங்கு செய்கிறவள். பூப்போட்ட கவுன்கள் பதினொன்று, கோடு போட்ட சட்டைகள், ஒரு பச்சைக் கம்பளிக் கோட்டு. எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு, அட்டையில் அளவு வெட்டி வைத்துச் சதுரம் சதுரமாக நறுக்கினேன். நூற்றுநாற்பத்துநான்கு சதுரங்கள். அக்கா அப்போது பிராணவாயுக் குழாயோடு படுத்திருந்தாள். கொஞ்சம் அவசரப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புதன்கிழமைகளில் நூலகத்தின் பின்னறையில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவர்கள் கூடுவார்கள். தனியாக உட்கார்ந்து தைக்க மனம் வராமல் நானும் போய்ச் சேர்ந்தேன். குழுவை நடத்துவது நூலகரம்மா. ஒன்பது பெண்கள், ஒரே ஒரு ஆண்; மருந்துக்கடையை மகனிடம் விட்டுவிட்டுப் பொத்தான் துளை தைக்கக் கற்றுக்கொள்ள வந்தவர். முதல் நாள் என் சதுரங்களைப் பரப்பியதும் இது யார் துணி என்று நூலகரம்மா கேட்டார். அக்காவோடது என்றேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் என் தோளில் கையை வைத்து, எப்போது போனார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

அங்கே திருத்தியிருக்கலாம். ஆனால் ஒன்பது பெண்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள், மேடம். முப்பத்திரண்டு வருட அலுவலக வாழ்க்கையில் ஒன்பது பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்ததே இல்லை. போன வாரம் என்றால் வீட்டுக்குக் கிளம்பி வந்துவிடுவார்கள். அதனால் போன வருஷம் என்றேன். எப்படியும் இரண்டு மூன்று நாளில் நடக்கப்போவதுதானே என்று நினைத்தேன்.

அதற்குப்பிறகு புதன்கிழமை என்றால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். எனக்கென்று வெளிச்சமான மூலையில் ஓர் இடம். தேநீர் முதலில் எனக்கு வரும். நான் ஒரு சதுரத்தைக் கையில் எடுத்து, இது அக்கா கடை திறந்த அன்றைக்குப் போட்டிருந்த கவுன் என்பேன். யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள். அக்கா என்னை எப்படித் தாங்கினாள், என் தையலை எப்படிப் பாராட்டுவாள் என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்த அக்காவைப் பிடித்துப்போயிற்று. கண்ணீர்கூட வந்தது. சாயங்காலம் அதே கண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போய், கஞ்சி கொடுத்துவிட்டு வருவேன்.

பருவக் கடைசியில் நூலகத்தில் கண்காட்சி. என் போர்வையை நடுச்சுவரில் தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. கீழே ஓர் அட்டை: மறைந்த அக்காவின் நினைவாக.

ஐந்தாவது வாரம் அக்காவுக்குக் குணமாகத் தொடங்கியது.

புது மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றார் டாக்டர், ஏதோ எனக்குப் பரிசு கொடுப்பதுபோல. வேளை தவறாமல் கொடுத்தால் இன்னும் பல வருடம் நன்றாக இருப்பார்களாம். அக்காவை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உடை மாற்ற அலமாரியைத் திறந்தாள். உள்ளே, நைந்துபோனதால் நான் நறுக்காமல் விட்ட இரண்டு கவுன்களும் ஒரு துவாலையும் இருந்தன.

வேறு வழியில்லாமல் போர்வையைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தேன். அட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு சதுரமாகத் தடவிக்கொண்டே போனாள். கை கத்தரிக்கோலைத் தேடும் என்று காத்திருந்தேன். தேடவில்லை.

"நல்லா இருக்குடி," என்றாள்.

மேடம், அன்றைக்கு அவள் அதை வழக்கம்போலப் பிரித்துப் போட்டிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பாள். பிரித்த துணியைக் கண்காட்சியில் தொங்கவிட முடியாது. நானும் போர்வையைப் பூச்சி அரித்துவிட்டது என்று ஏதாவது சொல்லி ஒதுங்கியிருப்பேன். ஐம்பது வருடமாக வராத பாராட்டு, வரக்கூடாத நாளில் வந்தது. அதோடு நிறுத்தினாளா என்றால், அதுவும் இல்லை.

"கண்காட்சிக்கு நானும் வர்றேன். என் துணியெல்லாம் சுவத்துல தொங்குறத நான் பாக்க வேண்டாமா?"

நானும் முடிந்ததைச் செய்து பார்த்தேன். நூலகத்தில் படி அதிகம் என்றேன். நின்று நின்று ஏறுகிறேன் என்றாள். போர்வை முடியாது போலிருக்கிறது, ஓரப்பட்டி வேறு கோணலாக வருகிறது என்றேன். கொடு, அதை நான் தைத்துத் தருகிறேன் என்றாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்தேன். எங்க அக்கா சாகலை, நல்லா இருக்காங்க. எவ்வளவு சாதாரண வாக்கியம். ஆனால் அதைக் கேட்கும்போது நூலகரம்மாவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்ததும் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன். எனக்குச் சிறுவயதிலிருந்தே கூச்ச சுபாவம்.

மாத்திரை டப்பாவை நிரப்புவது என் வேலை. ஏழு நாளுக்கு ஏழு குழி. இதய மாத்திரை சின்னது, வெள்ளை, வட்டம். காப்பியில் போடும் இனிப்பு மாத்திரையும் சின்னது, வெள்ளை, வட்டம். மற்றதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பத்தொன்பது நாள் ஆயிற்று. அந்தப் பத்தொன்பது நாளும் அக்கா ஜன்னலோரம் என் நாற்காலியில் உட்கார்ந்து ஓரப்பட்டி தைத்தாள். வெளியே இலை கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து நான் அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். அத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான். எறும்பு ஊர்வதுபோல அவ்வளவு சின்னத் தையல். முதல் வாரம் கால் வீங்கியது. இரண்டாவது வாரம் பத்துத் தையலுக்கு ஒருமுறை நிறுத்தினாள்.

"மூச்சு வாங்குதுடி."

"கொஞ்ச நேரம் உக்காந்து தைங்கக்கா," என்றேன். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். என் அக்கறை அந்த அளவில் இருந்தது.

டாக்டரைக் கூப்பிடலாமா என்று ஒருநாள் அவளே கேட்டாள். அடுத்த வாரம் எப்படியும் போக வேண்டுமே என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, என் பழைய தையல்களைப் பிரித்ததற்கெல்லாம் மனசில் ஏதாவது வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். சேச்சே என்றேன். அது உண்மை. அதற்காக நான் எதுவும் செய்யவில்லை.

ஒரு மதியம், இரண்டு சாண் ஓரம் பாக்கி இருக்கும்போது, தலை சாய்ந்தது. ஊசி துணியில் குத்தியபடியே இருந்தது. டாக்டருக்கு ஆச்சரியமே இல்லை; சிலருக்கு அந்த மாத்திரை கொஞ்ச நாள்தான் கேட்கும் என்றார். இத்தனை நாள் இருந்ததே பெரிசு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அக்கம்பக்கத்தார் நான் நன்றாகத் தாங்கிக்கொள்கிறேன் என்றார்கள். இரண்டு மாதமாகப் புதன்கிழமைதோறும் பழகியவள் இல்லையா.

கண்காட்சி பிரமாதமாக நடந்தது. பாக்கி இரண்டு சாணையும் நானே தைத்து முடித்திருந்தேன். எல்லோரும் அந்த ஓரத்தையலைத்தான் புகழ்ந்தார்கள். நான் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன்.

மாட்டிக்கொண்ட விதம்தான் வெட்கக்கேடு. எதையும் வீணாக்காதே என்று அக்கா என்னைப் பழக்கியிருந்தாள். கொடுக்காமல் விட்ட மாத்திரைகளைக் குப்பையில் போட மனம் வராமல், அட்டையோடு பொத்தான் டப்பாவுக்குள் போட்டுவைத்தேன். அடுத்த புதன்கிழமை மருந்துக்கடைக்காரர் ஒரு பொத்தான் கேட்டார். டப்பாவை அப்படியே நீட்டினேன். மனிதர் மாத்திரை அட்டையை எடுத்துத் தொழில் பழக்கத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்குங்க?"

எனக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்காவுக்கு என்றேன். போன வருஷம் போனவருக்கு இந்த வருஷம் மார்ச்சில் தயாரித்த மாத்திரை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அட்டையை நூலகரம்மாவிடம் கொடுத்தார். ஒன்பது பெண்களும் மறுபடி ஊசியைக் கீழே வைத்தார்கள். இந்த முறை தேநீர் வரவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அக்காவின் மருந்தை மாற்றியது நான். தெரிந்தே மாற்றினேன். பத்தொன்பது நாளும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைக் கொன்றது நான்தான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நூலகரம்மா கொடுத்த புகாரில், அக்கா இறந்துவிட்டதாக நான் அவர்களிடம் பொய் சொன்னேன் என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள். அது பொய்யாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன்.