வருஷ அர்ச்சனைச் சீட்டு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படிக்கவும்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் வருஷ அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசையில் நின்றேன். சீட்டு வாங்கியவர் பெயருக்கு மாதாமாதம் அவர் நட்சத்திரத்தன்று அர்ச்சனை நடக்கும். ஆறு ரூபாயாக இருந்ததை அந்த வருஷம் ஒன்பதாக்கிவிட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு புருஷன் பெண்சாதி.

"சாமிக்கும் வெலவாசி ஏறிப்போச்சு பாரு. நாலு சீட்டு கட்டாதுமே. மூணா வாங்கிக்கினு போவலாம்."

"யாரை வுடப் போறே?"

அவர் மடியிலிருந்த சில்லறையை எடுத்து எண்ண ஆரம்பித்தார்.

"வாயைத் தொறந்து சொல்லுய்யா."

"புள்ள வூட்ட வுட்டுப் போயி அஞ்சு வருஷம் ஆவுது. ஒரு கடுதாசி உண்டா?"

"உசுரோட இருக்கறவங்க பேருக்குத்தான் அர்ச்சனை பண்ணுவாங்க. அவன் பேரை நிறுத்தினா இன்னா அர்த்தம்?"

"அர்த்தம் ஒண்ணுமில்லமே. கையில துட்டு இல்ல."

"அப்போ என் பேரை எடுத்துடு. உன்னுது, பொண்ணுது, அவனுது, மூணு போதும்."

அவர் அப்படியே சொல்லிப் பணத்தை நீட்டினார். சீட்டு எழுதும் குமாஸ்தா போன வருஷத்துச் சீட்டுகளின் அடிக்கட்டைகளைப் புரட்டினார்.

"லட்சுமி, உத்திர நட்சத்திரம். இது உங்க சம்சாரம்தானே? இந்த வருஷம் பேரைக் காணோமே. அடடா, எப்பய்யா தவறினாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் நின்ற அந்த அம்மாள்தான் பதில் சொன்னாள்.

"அஞ்சு வருஷம் ஆச்சுங்க."

எழுதியது: 1969, ஆவணி மூன்றாம் தேதி.