ததேயுஸின் நாற்காலிக்குச் சுற்றிய கம்பி

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாகத்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். இஞ்சி மட்டும் கொஞ்சம் கூடுதல்.

நான் முத்துநாயகம். திருவட்டாறில் நாற்பது வருஷம் பம்ப் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றியவன். நான் சுற்றிய மோட்டார் தண்ணீரோடு கிணற்றையும் சேர்த்து மேலே கொண்டுவந்துவிடும் என்பார்கள். ஓய்வுக்குப் பிறகு கை சும்மா இருக்குமா? ரிமோட் காருக்குள் இருக்கும் பிரஷ்லெஸ் மோட்டாரைப் பிரித்தேன். எலுமிச்சம்பழ அளவுதான். கம்பியில் நாலு சுற்றைக் குறைத்து, தடித்த கம்பியாகப் போட்டால் பேய் வேகம். என் கார் ஓடினால் அதன் நிழல் அரை நிமிஷம் கழித்துத்தான் வந்து சேரும்.

வற்றிய குளத்தில் ஞாயிறுதோறும் பந்தயம். எதிராளி ததேயுஸ், மஸ்கட்டில் கிரேன் ஓட்டிவிட்டுத் திரும்பிய என் பால்ய சிநேகிதன். அவனுக்குக் கம்பி சுற்றத் தெரியாது. அதனால் அவன் மோட்டாரையும் நானே சுற்றிக் கொடுப்பேன். எங்கள் வழக்கம் அப்படி. ஒரே கம்பி, ஒரே கணக்கு, ஒரே கை. ஆனாலும் ஜெயிப்பது அவன். பதினேழு ஞாயிறு. ஊரே அவன் விரலைத்தான் புகழ்ந்தது.

பதினெட்டாவதற்கு மீசையைப் பந்தயம் வைத்தேன். முனைக்கொரு காக்கா உட்காரலாம், அப்படி மீசை. அவன் மோட்டாரில் மட்டும் இன்னும் இரண்டு சுற்றைக் குறைத்தேன். வளைவில் கார் அடங்காமல் கவிழும் என்பது என் கணக்கு. அவனோ அந்த வேகத்தையும் ஒற்றை விரலால் வளைத்து ஜெயித்தான். குளத்தங்கரையில் வைத்தே மழித்தார்கள்.

"மூஞ்சி உரிச்ச நுங்கு கணக்கா இருக்குடே," என்றான். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

ஆனி மழையில் வழுக்கி அவனுக்கு இடுப்பு முறிந்தது. மகன் பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தான். சக்கரத்துக்கொன்றாக அதே பிரஷ்லெஸ் மோட்டார்.

"மக்கா, இது நத்தை கணக்கா இழையுது. உன் கையைக் கொஞ்சம் வையிடே," என்றான்.

வைத்தேன். மொத்தச் சுற்றில் பாதியைக் குறைத்தேன். பிரேக் பழைய வேகத்துக்கு அளந்து வைத்தது. அதை நான் தொடவே இல்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

சோதிக்காமல் வேலையைக் கொடுக்கிற ஆள் நானில்லை. அவன் வீட்டுப் பின்முற்றம் சானல் கால்வாய்த் தண்ணீரை நோக்கிச் சரிவு. வீட்டார் அவனையும் காரில் ஏற்றிக்கொண்டு பூசைக்குப் போயிருந்த காலையில், அவன் எடைக்கு அறுபத்திரண்டு கிலோ மணல் மூட்டையை உட்காரவைத்தேன். நாற்காலியை நீளக் கயிற்றால் தென்னையில் கட்டி, விசையைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தேன். கை எடுத்ததும் பிடிக்கவேண்டிய பிரேக் முனகியதோடு சரி. கயிறு நாற்காலியைக் கரையில் நிறுத்தியது. மூட்டை சானலுக்குப் போனது. மூன்று மூட்டை, மூன்று தடவை. திருப்தியாக இருந்தது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நாற்காலியைக் கொடுத்தேன்.

நாலு நாள் முன்பக்க ரோட்டில் ஓட்டினான். ஐந்தாம் நாள் பின்முற்றத்துக்குத் திருப்பினான். சானலிலிருந்து உடலை எடுத்தவர்களில் நானும் ஒருவன். அவன் மனைவி திரேசம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நீங்க தந்த வேகத்துல நாலு நாளும் கொச்சுப்பிள்ள கணக்கா சிரிச்சிட்டு இருந்தாரு," என்றாள்.

மீசைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். அது வளரும், பாருங்கள், வளர்ந்துகொண்டிருக்கிறது. நானாக இங்கே வந்தது வேறு விஷயத்துக்கு. உங்கள் அறிக்கையில் 'மோட்டார் கோளாறு' என்று எழுதியிருக்கிறதாம். அதை அடித்துவிடுங்கள், சார். என் கையால் சுற்றிய மோட்டார் ஒன்றுகூட இதுவரை கோளாறானதில்லை.