மறைந்த குருதியைக் கண்டு சொன்ன டப்பா அக்காவுக்கு

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்! இன்று பணி ஓய்வு பெறும் ஆய்வக மூத்த நுட்பநரே! மூக்கைப் பொத்தும் உலகின் முன்னே முகம் கோணாது நின்றவரே! கண்ணுக்குப் புலப்படாத குருதியைக் கண்டறிந்து, காலன் வருமுன்னே கதவைத் தட்டியவரே! நோயாளிகள் முதலில் கேலியாகவும் பின்னர் உரிமையோடும் அழைத்த எங்கள் டப்பா அக்காவே! வணங்குகிறோம்.

முப்பத்தொரு ஆண்டுகள், இம்மருத்துவமனையின் அடித்தளத்தில், சன்னலற்ற சிற்றறையில் நீங்கள் செய்த பணியை நாலு பேர் நடுவே வாய்விட்டுச் சொல்லவும் கூசுவோம் நாங்கள். மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைத் தேடுவதும், பெருங்குடல் புற்றுநோய் வலியாய் வெளிப்படுமுன் அதன் தடத்தைப் பிடிப்பதுமே அப்பணி. சின்ன டப்பாவையும் குச்சியையும் நீட்டினால் பெரிய மனிதர்களும் குறுகிப்போவார்கள். "ஐயா, இதுல உங்க வீட்டு ரகசியம் எதுவும் எழுதியிருக்காது. ரத்தம் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் பார்ப்பேன்" என்பீர்கள். சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

ஆறாண்டுகளுக்கு முன், ஐம்பது வயதைக் கடந்த ஊழியர் அனைவரும் டப்பா கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. நம் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் உங்கள் கணவருமான அண்ணனும் கொடுத்தார். இரத்தம் உண்டு என்று வந்தது முடிவு. எண் மாறியிருக்கக் கூடாதா என்று டப்பாவின் மேலிருந்த எண்ணை மூன்று முறை சரிபார்த்தீர்கள். மாறவில்லை.

"மூலம்தான். இருபது வருஷமா உக்காந்தே வண்டி ஓட்டறவனுக்கு ரத்தம் வராம பன்னீரா வரும்?" என்றார் அண்ணன்.

"மூலமாவே இருக்கட்டும். குழாய் விட்டு ஒரு தடவை உள்ள பார்த்துட்டு வந்து அதைச் சொல்லுங்க" என்றீர்கள்.

மகளின் தேர்வு முடியட்டும் என்றார். மற்ற ஓட்டுநர் விடுப்பிலிருந்து வரட்டும் என்றார். மழை விடட்டும் என்றார். மதிய உணவு வேளையில் நீங்கள் மன்றாடியபோது, "விடுங்கக்கா, மனுஷன் குதிரை மாதிரி இருக்காரு" என்று ஒருவன் சொல்ல, கூடியிருந்தோர் அனைவரும் சிரித்தோம். அப்படிச் சொன்னவன், இம்மடலை எழுதி இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் பதிவு மேசை எழுத்தனாகிய நானே.

பதினொரு மாதம் போயிற்று. ஒருவழியாக உள்ளே பார்த்தபோது நோய் கல்லீரல்வரை போயிருந்தது. தாம் ஓட்டிய வண்டியிலேயே பின்னால் படுத்து வந்த அண்ணன், "அந்த வேகத்தடைகிட்ட மெதுவா போப்பா" என்று புது ஓட்டுநருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார். கடைசி வாரத்தில் ஒரு நாள், "என்னை ஒரு தடவையாவது திட்டேன்" என்று உங்களிடம் கேட்டார். நீங்கள் திட்டவில்லை. வியர்வையில் நனைந்த தலையணையைத் திருப்பிப் போட்டீர்கள். கட்டிலருகே நின்ற எங்களுக்கு, எங்களையாவது நீங்கள் திட்டித் தீர்த்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அவர் போன மூன்றாம் வாரம் பணிக்குத் திரும்பினீர்கள். பழைய பதிவேடுகளைப் பிரித்து உட்கார்ந்தீர்கள். இரத்தம் உண்டு என்று முடிவு வந்தும் அடுத்த சோதனைக்கு வராதவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர்! கடிதம் ஒன்று போட்டதோடு கடமை முடிந்தது என்றிருந்தோமே நாங்கள்!

"அது ஆய்வகத்தோட வேலை இல்லம்மா" என்றார் கண்காணிப்பாளர்.

"யாரோட வேலைன்னு சொல்லுங்க சார், அவங்ககிட்ட குடுத்துடறேன்" என்றீர்கள். அன்று முதல் உங்கள் உணவு இடைவேளை தொலைபேசிக்கு உரியதாயிற்று.

ஒரு வீட்டில் ஓர் அம்மாள் எடுத்தார். "அவர் போய் ரெண்டு வருஷமாச்சு. இப்பதான் கூப்பிடத் தோணிச்சா?" என்று அவர் வெடித்தது பக்கத்து மேசைவரை கேட்டது. எங்கள் எல்லோருடைய பிழைக்கும் நீங்கள் ஒருவரே மன்னிப்புக் கேட்டீர்கள். அவர் அழுது ஓயும்வரை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அன்று உங்கள் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படவே இல்லை. ஒரு தையற்காரர், ஏழாவது அழைப்பில், உங்கள் தொல்லை தாங்காமலே வந்தார். குடற்சுவரைத் தாண்டாத கட்டி, வெட்டி எடுத்தார்கள். இதோ, இந்தக் கூடத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரைப் போலப் பிழைத்தவர்கள் உண்டு. காலம் கடந்து வந்தவர்களும் உண்டு. எத்தனை பேர் என்று உங்களிடம் கேட்கும் துணிவு எங்களுக்கு வந்ததில்லை.

அம்மையீர்! உங்கள் இடத்துக்கு இன்னும் எவரையும் அமர்த்தவில்லை. அமர்த்துவார்கள் என்ற நம்பிக்கையும் எங்களுக்கு இல்லை. உங்களுக்குச் செய்யத் தவறியதை நினைக்கையில் வாழ்த்தும் தகுதியே எங்களுக்கில்லை. ஆயினும் வாழ்த்துகிறோம். நெடுங்காலம் நோயறியாது இருங்கள். மகள் வீட்டில் ஆறாத சோற்றை அமர்ந்து உண்ணுங்கள். பதறாமல் எடுக்கத்தக்க அழைப்புகளே உங்களைத் தேடி வரட்டும்.

அந்தப் பட்டியலில் எஞ்சிய நாற்பத்தொரு பெயர்களை எங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தீர்கள். நேற்று என் பங்கின் முதற்பெயரை அழைத்தேன். "ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று சீறி வைத்துவிட்டார். முகம் சிவந்து உட்கார்ந்திருந்த என்னிடம், மேசையைக் காலி செய்துகொண்டிருந்த நீங்கள், தலை நிமிராமலே சொன்னீர்கள்: "நாளைக்கு மறுபடி கூப்பிடுங்க தம்பி. கோவப்படறவர் உயிரோட இருக்கார்."

இன்று காலை கூப்பிட்டேன், அக்கா. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நாளையும் கூப்பிடுவேன்.

என்றும் உங்களுக்குக் கடப்பாடுடைய,
ஆய்வகம், பதிவு மேசை, ஆம்புலன்ஸ் பிரிவு ஊழியர்கள்