கருவி ஜன்னலில் நின்ற ஆசிரியர்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, பயிற்சி நிலைய முதல்வர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மாஸ்டரின் துணைவியார் அவர்களே, அவர் மகளே, பயிற்றுநர்களே, மாணவ மாணவியரே! அனைவருக்கும் வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். தொழிற்பயிற்சித் துறையில் விதிகளை வரைவு செய்யும் பிரிவில் முப்பத்தோராண்டு இருந்து ஓய்வுபெற்றவன். பிழை வந்துவிடக் கூடாதே என்று நான்கு தாள்களோடு வந்திருக்கிறேன். பார்த்துப் படித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மோட்டார் மாஸ்டர் மறைந்துவிட்டார். எரிந்துபோன மோட்டாரை அவிழ்த்து, செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டி, மறுபடி ஓடவைப்பதை இந்த நிலையத்தில் அவரைப்போல் சொல்லிக்கொடுத்தவர் யார்? ஒருவரும் இல்லை! ஆனால் பதிவேட்டில் அவர் பதவி என்ன? கருவி அறைக் காப்பாளர். பதினான்கு ஆண்டுகள்! பயிற்றுநராக இருந்தவரை ஸ்டோருக்கு அனுப்பியது எது? பயிற்றுநர் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதி. மாஸ்டர் ஏழாவதோடு பட்டறைக்குப் போனவர்.

அந்த விதியை எழுதியவன் யார்? நான்தான்.

இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

ஸ்டோருக்குப் போனதும் மாஸ்டர் ஓய்ந்தாரா? கம்பிவலை போட்ட அந்தச் சின்ன ஜன்னலையே வகுப்பறை ஆக்கினார். கருவி வாங்க டோக்கனைக் கொடுத்தால் கருவி வராது, கேள்விதான் வரும்! ஆய்வுக்கு வந்த ஒருநாள், ஒரு மாணவிக்குப் பின்னால் நின்று என் காதாலேயே கேட்டேன்.

“மாஸ்டர், மெக்கர் குடுங்க.”

“எதுக்கும்மா? கழுத்துல மாட்டிக்கவா?”

“மோட்டார்ல கரண்ட் கசியுதான்னு பாக்கணும்.”

“லைன ஆஃப் பண்ணிட்டியா?”

அந்தப் பெண் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“போ, ஆஃப் பண்ணிட்டு வா. மெக்கர் எங்கயும் ஓடிடாது. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கம்மாவுக்கு நான் எந்த டோக்கனக் குடுக்கறது?”

ஒரு கோடையில் எங்கள் தலைமை அலுவலகத்தின் தண்ணீர் மோட்டார் எரிந்தது. ஐந்து மாடிக்கும் சொட்டுத் தண்ணீர் இல்லை. சான்றிதழ் உள்ள இருவர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். மாஸ்டர் வந்து ஒரே பகலில் கட்டி முடித்தார். நன்றி சொல்லப் போன என்னிடம், “சார், நான் பத்தாவது படிக்கலன்னு மோட்டார் காதுல போட்டுடாதீங்க. மறுபடி நின்னுடும்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தத் தண்ணீரையும் குடித்தேன். விதியை மட்டும் மாற்றவில்லை.

சான்றிதழ் இல்லாதவருக்குச் செய்முறைத் தேர்வு வைத்துப் பாருங்கள் என்று அவர் மனு கொடுத்தார். கோப்பில் ‘நேரில் பேசவும்’ என்று குறித்தேன். அவர் பேச வந்தார். நான் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லச் சொல்லிவிட்டு, பின்படி வழியாக இறங்கிப் போனேன். மறு ஆண்டும் அதே குறிப்பு, அதே பின்படி. ஏன் ஒளிந்தேன்? பத்தாம் வகுப்பு என்பதை எதை வைத்து எழுதினீர்கள் என்று கேட்டுவிடுவாரே என்ற பயம்! என்ன சொல்வேன்? எழுத்தர் நியமன விதியில் இருந்த வரியை அப்படியே பார்த்து எழுதினேன். மாலைக்குள் வரைவு போக வேண்டியிருந்தது. அதுவரை ஒரு பட்டறைக்குள்கூட நான் கால் வைத்திருக்கவில்லை. அந்த வரி நாடு முழுவதும் போயிற்று.

மூன்றாம் முறை அவர் பின்படியிலேயே நின்றிருந்தார்.

“மாட்டினீங்களா சார்!” என்று சிரித்தார். “எனக்காக வரல. நான் ஸ்டோர்லயே காலத்த ஓட்டிடுவேன். நம்ம காயில்காரம்மாவ மட்டும் விட்டுடாதீங்க. அவங்க கைக்கு முன்னாடி என் கையெல்லாம் சும்மா.”

“பார்க்கலாம் மாஸ்டர்” என்றேன். ஓய்வுபெறும்வரை பார்க்கவில்லை.

அந்த அம்மா இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். காயில் கட்டுவதில் கைதேர்ந்தவர், எட்டாவது படித்தவர். தற்காலிகமாக மாஸ்டரின் பழைய வகுப்பை எடுக்கிறார். அதே வரியைக் காட்டி, இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. அதைச் சொல்ல மருத்துவமனையிலிருந்து மாஸ்டர் என்னைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். பெயரைப் பார்த்தேன், எடுக்கவில்லை. “அப்பா உங்களுக்கு ரெண்டு தடவ போன் பண்ணாரு ஐயா” என்று அவர் மகள் சொன்ன பிறகுதான் எதற்கென்று தெரிந்தது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி சொல்ல வேண்டும். பார்க்கலாம் என்றவனின் வாய்ச்சொல்லை யார் நம்புவார்கள்? அதனால் என் நான்காவது தாள் பேச்சு அல்ல, கடிதம். அந்த வரிக்கு எந்த ஆய்வும் அடிப்படை இல்லை, பார்த்து எழுதியது என்று என் பெயரிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செய்முறைத் தேர்வு வைக்காமல் காயில்காரம்மாவை நிறுத்தக் கூடாது என்றும் கேட்டிருக்கிறேன். விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருவேன், முன்வாசல் வழியாக.

இயக்குநர் அவர்களே, தயவுசெய்து இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும் தேதியும் வேண்டும். ‘நேரில் பேசவும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.