விஜிதரன் நின்ற கோலம்

பேச வந்தவளுக்கு நேரக்கட்டுப்பாடு விதிக்காத பெருந்தன்மை கொண்ட தலைவர் சிவராசா ஐயா அவர்களே! காலையில் களை பிடுங்கிய களைப்பையும் மறந்து, நல்ல சேலை உடுத்தி வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! வயலை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே! பேச்சு நீண்டால் புறப்பட்டுவிடலாம் என்று, சைக்கிளை விட்டு இறங்காமலே வாசலில் நிற்கும் தம்பிமாரே! என்னோடு சேர்ந்து கரிக்குச்சி பிடித்துக் கைகளைக் கறுப்பாக்கிக்கொண்ட என் வகுப்புத் தோழர்களே! ஓவிய ஆசிரியை கஜேந்தினி உங்கள் எல்லோரையும் கைகூப்பி வரவேற்கிறேன்.

துணுக்காய் ஊரில் ஓவியக் கண்காட்சியா என்று கேட்டார்கள். வயல் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, வரைந்து என்ன வரப்போகிறது என்று கேட்டார்கள். சபையோரே, வந்ததைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்!

சனிக்கிழமை தோறும் இதே மண்டபத்தில் கூடினோம். பள்ளிப் பிள்ளைகள் அல்ல. உழைத்து வாழும் பெரியவர்கள். முதலில் தூரத்தை வரையப் பழகினோம். வாய்க்காலின் இரண்டு கரையும் தொலைவில் ஒரு புள்ளியில் சேர்வதுபோல் நான் கோடு இழுத்தேன். கமக்காரர் பொன்னையா அண்ணை எழும்பிவிட்டார்.

"ரீச்சர், வாய்க்காலை அங்க கொண்டுபோய் அடைச்சுப்போட்டீங்கள். இனி என்ர வயலுக்குத் தண்ணி எப்பிடி வாறது?"

சிரியுங்கள், சிரியுங்கள், அவரும் பின்வரிசையில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்! அன்றைக்கே எல்லோரும் வாய்க்கால் கரைக்குப் போனோம். அண்ணை ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "ஓம் ரீச்சர், கண்ணுக்கு இப்பிடித்தான் தெரியுது. இவ்வளவு நாளும் கவனிக்கேல்லை" என்றார்.

பிறகு நிழல் பழகினோம். சன்னலோரம் ஒரு முட்டையை வைத்து வாரக்கணக்கில் வரைந்தோம். நிழல் என்றால் கறுப்பு என்று நினைத்திருந்தோம்; நிழலுக்குள்ளும் வெளிச்சம் நுழைந்து நிற்பதைக் கண்டோம்!

அடுத்து வந்தது மனித உடல். எலும்பும் தசையும் எப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதைப் புத்தகத்தில் பார்த்தால் போதுமா? உயிரோடு ஒருவர் முன்னால் நிற்க வேண்டாமா? யார் நிற்பது என்று கேட்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் எழுந்தார்.

அவர் விஜிதரன். மலைநாட்டிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களின் மகன். சந்தியில் உழவு இயந்திரம் திருத்துகிறவர். அவருடைய இடது காலை முழங்காலுக்கு மேலே யுத்தம் கொண்டுபோனது உங்களுக்குத் தெரியும். செயற்கைக்காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். அரைக்காற்சட்டையோடு, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வரையுங்கோ" என்றார்.

வரைந்தார்கள். முடிந்ததும் ஊன்றுகோலோடு ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்தார். ஒருவர் இடுப்போடு நிறுத்தியிருந்தார். ஒருவர் நீளச் சாரம் உடுத்தியதுபோல் வரைந்து மறைத்திருந்தார். முன்பள்ளி ஆசிரியை தனுஷா, அழகான இரண்டு கால்களை வரைந்திருந்தார்!

"இந்தக் கால் ஆரின்ர கால் தங்கச்சி?" என்று விஜிதரன் கேட்டார்.

தனுஷாவின் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு மனம் நோகுமெண்டு நினைச்சன் அண்ணா."

"கால் போனது பழகீட்டுது. உங்களுக்கு முன்னால அரை மணித்தியாலம் நிண்டனான், ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை. அதுதான் நோகுது."

செயற்கைக்காலை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

நானும் தனுஷாவும் அவர் வீட்டுக்குப் போனோம். மனைவி சுதர்சினி எங்களைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரில் இருந்த கலியாணப் படத்தைக் காட்டினார். "இதிலயும் கால் தெரியாமல் முன்னால பூச்சாடி வைச்சுத்தான் எடுத்தவை ரீச்சர். எந்தப் படத்திலயும் இவர் முழுசா இல்லை" என்றார்.

அம்மாமாரே, தனுஷா திரும்பி நேரே விஜிதரனிடம் சொன்னார்: "அண்ணா, இன்னொருக்கா வாங்கோ. இந்தமுறை நான் பாக்கிறன்."

அவர் யோசித்தார். பிறகு, "எனக்காக வரையாதேங்கோ. சரியா வரையுங்கோ" என்றார்.

வந்தார்! இம்முறை கதிரையையும் விட்டுவிட்டு நின்றார். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம். கழுத்துக் குழிக்கு நேர் கீழே பாதம் இருந்தது. வலது தோள் தாழ்ந்திருந்தது, இடுப்பு ஏறியிருந்தது, முள்ளந்தண்டு வளைந்து கொடுத்து முழு உடலையும் தாங்கியது. அந்த உடல் ஒவ்வொரு கணமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது! விழாமல் நிற்பதற்கு எத்தனை தசை வேலை செய்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டோம். ஒரு கால் வரைந்தோம், அந்த ஒரு காலின் நிழல் வரைந்தோம், ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை.

தனுஷாவின் படத்துக்கு முன்னால் சுதர்சினி வெகுநேரம் நின்றார். "உங்கட தோள் எப்ப இவ்வளவு சரிஞ்சது? பக்கத்தில இருந்தும் நான் காணேல்லையே" என்று கணவனிடம் கேட்டார். அந்தத் தோளில் கைவைத்தார். விஜிதரன் அந்தக் கையை எடுக்க விடவில்லை.

அந்தப் படம்தான் இப்போது வாசலில் திரைக்குப் பின்னால் இருக்கிறது. விழா நாளில் துக்கமான படம் வாசலில் வேண்டாம் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் சொன்னார். விஜிதரன் கேட்டார்: "துக்கம் எதில இருக்கு, காட்டுங்கோ பாப்பம். நான் நிக்கிறன்தானே?"

காட்ட முடிந்ததா? காட்ட முடியவில்லை! ஆகவே உரக்கச் சொல்கிறேன்: இரக்கத்தால் கண்ணை மூடுகிறவர்கள் வேண்டாம், இருப்பதை இருப்பதாகப் பார்க்கிறவர்கள் வேண்டும்! வரையப் பழகுங்கள், பார்க்கப் பழகுவீர்கள். பக்கத்து வீட்டைப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள், முழுசாய்ப் பாருங்கள்!

திரையைத் திறந்துவைக்க வேண்டியவர் தலைவர். அந்த மரியாதையை அவர் மனமுவந்து விஜிதரனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். நன்றி ஐயா. செவிகொடுத்த உங்களுக்கும், சைக்கிளை விட்டு இறங்கி உள்ளே வந்துவிட்ட தம்பிமாருக்கும் நன்றி. விஜிதரன் எழுந்துவிட்டார். இல்லை தம்பி, கை பிடிக்க ஓடவேண்டாம், வழி விடுங்கள், அது போதும். அவர் நடந்து போகட்டும். நாம் கைதட்டுவோம். வணக்கம்!